முதுகில் ஏறிய கனடா கார்

1

அபுதாபியில் குளிரும் என்பதை ஊரில் ஒருவரிடமும் என்னால் நம்பவைக்க முடிந்ததில்லை. போன விடுமுறையில் கீழக்கரையில் மைத்துனன் வீட்டு விருந்தின்போது வாய் தவறி, "நான் கரண்டு சட்டை போட்டுக்கிட்டுத்தான் வேலைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். பந்தியில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். எதற்கு என்று மைத்துனன் கேட்டான். குளிருக்கு என்றேன். அதன் பிறகு யாரும் பிரியாணியைக் கவனிக்கவில்லை. மாமனார் மட்டும் சிரிக்காமல் தன் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, மருமகனுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதா என்று கவலையோடு விசாரித்தார்.

வாயால் சொன்னால் சிரிக்கிறார்கள். ஆகவே எழுதிப் பார்க்கிறேன்.

இன்று காலை இந்தப் பருவத்தின் முதல் மூடுபனி இறங்கியிருந்தது. அலமாரியிலிருந்து அந்தச் சட்டையை எடுத்தேன். அந்துருண்டை வாசனை. இடுப்போரமாக ஒரு கறுப்பு ஒயர் தொங்கியது. அதைக் கையில் பிடித்ததுமே போன குளிர்காலம் மொத்தமும் ஞாபகம் வந்து, பல் தேய்க்கும்போதே தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாக. முசஃபாவில் ஒரு காராஜில் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை. ஒயர், ஃபியூஸ், ரிலே, இவைதான் என் உலகம். குடியிருப்பது ஷஹாமாவில், ஒரு வில்லாவைப் பலகை வைத்துத் தடுத்த இரண்டு அறைகளில். வாடகை அங்கேதான் எட்டியது. மனைவி பௌசியா, மகள் ரிஸ்வானா, நான். வீட்டுக்கும் காராஜுக்கும் நடுவே முப்பத்தைந்து கிலோமீட்டர் நெடுஞ்சாலை. அதைத் தினமும் நான் கடப்பது ஒரு பழைய இருநூற்றைம்பது சிசி மோட்டார் சைக்கிளில்.

ஜனவரி விடியலில் இங்கே பத்து டிகிரி வரை இறங்கும். பாலைவனத்துக்குச் சேமிப்புப் பழக்கம் கிடையாது. பகலில் கிடைத்த சூட்டை அன்று ராத்திரியே செலவழித்துவிடும், எங்களைப் போல. அந்தப் பத்து டிகிரியில், கடல் பக்கத்து ஈரமும் சேர்ந்துகொள்ள, தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் பைக்கில் போய்ப் பாருங்கள். சட்டைக்குள் செய்தித்தாள் செருகிப் பார்த்தேன். பிளாஸ்டிக் பை மாட்டிப் பார்த்தேன். இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். காராஜ் வாசலில் இறங்கும்போது விரல்கள் ஹேண்டில் வடிவத்திலேயே மடங்கி நிற்கும். ஸ்பேனரைப் பிடிக்க அரை மணி நேரம் ஆகும்.

2

காரில் போக வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள்.

இந்த ஊரில் கார் லைசென்ஸ் எடுப்பது பற்றி ஏற்கெனவே பலர் எழுதியிருப்பார்கள். அழுதும் இருப்பார்கள். ஊரில் எட்டு வருடம் வேன் ஓட்டியவன் நான். அது இங்கே செல்லாது. ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து, வகுப்புக்குப் போய், போலீஸ்காரர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் முதல் தடவையிலேயே கையில் கிடைத்தது. அந்தத் திமிரோடு கார் டெஸ்டுக்குப் போனேன். எட்டுத் தடவை பெயில்.

முதல் ஐந்து தடவையும் தவறு என்னுடையதுதான், ஒத்துக்கொள்கிறேன். ரவுண்டானாவில் நம் ஊர்ப் பழக்கத்தில் தைரியமாக நுழைந்தது ஒன்று. ஹாரன் அடித்தது ஒன்று. நான் ஹாரனை அடித்தது டெஸ்ட் எடுத்த போலீஸ்காரரின் மேலதிகாரி வண்டியைப் பார்த்து. மற்றவற்றைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனால் கடைசி மூன்று தடவையும் நான் எந்தத் தவறும் செய்யவில்லை. டெஸ்ட் மைதானத்துக்குக் காலை ஆறரைக்குப் போய்ச் சேர வேண்டும். குளிர்காலம், பைக்கில் நாற்பது நிமிடம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் கை தந்தியடிக்கும். பல்லும் சேர்ந்து அடிக்கும். மூன்று அதிகாரிகளும் மூன்று தடவையும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"டர்த்தா ஹை?"

பயப்படுகிறாயா என்று. இல்லை சார், குளிர் சார் என்று சொல்லத்தான் முயன்றேன். தாடை ஒத்துழைக்கவில்லை. பயந்தவன் கையில் எந்த நாட்டுப் போலீஸ்தான் வண்டியைக் கொடுக்கும்?

எட்டாவது முறை தோற்று வந்த அன்று பௌசியா சத்தம் போடவில்லை. கோழிக்கு மசாலா தடவிக்கொண்டே அமைதியாகச் சொன்னாள்.

"மச்சான், நான் கோபத்துல சொல்லல. இந்த வருசப் படிப்பு முடியிற வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள வண்டி வரலைன்னா நானும் புள்ளையும் ஊருக்குப் போயிடுறோம்."

"ஏன் அப்படிச் சொல்ற?"

"நான் வந்து ரெண்டு வருசம் ஆச்சு. இந்தச் சுவத்தைத் தவிர நான் யாரைப் பாத்திருக்கேன்? நம்ம ஆளுக எல்லாம் சிட்டியில இருக்காங்க. பஸ்ஸுக்கு நடந்து போனா நாக்கு வெளிய தள்ளுது. புள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்ப டாக்ஸிக்கு ரோட்டுல ஒரு மணி நேரம் நின்னேன். உங்க பைக்குல மூணு பேரு போக முடியுமா?"

முடியாது. நான் காராஜில் பத்து மணி நேரம் மனிதர்களோடு இருக்கிறேன். அவள் அந்த இரண்டு அறைகளுக்குள்ளேயே இருக்கிறாள். அவள் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது. அவர்கள் போய்விட்டால் நான் மறுபடியும் பத்துப் பேர் இருக்கும் அறையில் ஒரு கட்டிலுக்குத் திரும்ப வேண்டும். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது அன்றைக்குத்தான். அப்போது கை நடுங்கவே இல்லை.

பள்ளி வருடம் முடிய மூன்று மாதம் இருந்தது. அடுத்த டெஸ்ட் தேதி ஜனவரியில் கிடைத்தது. இருப்பதிலேயே குளிரான மாதம்.

3

எங்கள் காராஜில் உதிரிபாக ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர் சிவநேசன் அண்ணன். யாழ்ப்பாணக்காரர். கூடப் பிறந்தவர்கள் எல்லாரும் கனடாவில். இவரும் கனடாவுக்குத்தான் கிளம்பினார். ஏஜென்ட் உக்ரைனில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். அங்கே இரண்டு குளிர்காலம் ஒளிந்திருந்து, பிடிபட்டுத் திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் முசஃபா வந்து சேர்ந்தவர். அதனால் குளிர் என்ற விஷயத்தில் எங்கள் வட்டாரத்துக்கு அவர்தான் கடைசித் தீர்ப்பு.

எட்டாவது பெயில் ஆன மறுநாள் காலை ஸ்டோரில் ஃபியூஸ் வாங்கப் போனேன். காகிதத்தில் கையெழுத்துப் போட வரவில்லை. பேனா வழுக்கியது.

"கையைக் கொண்டாரும் பாப்பம்" என்று பிடித்துப் பார்த்தார். "ஐயோ, இது செத்த மீனெல்லே. இந்தக் கையோடையோ டெஸ்டுக்குப் போறனீர்?"

"ஆமாண்ணே. பயப்படுறேன்னு பெயில் போடுறாங்க."

"உமக்குப் பயமில்லை. உமக்குக் குளிர். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஆக்களிட்டை மாட்டுப்பட்டுப் போனீர்." அவர் கையை விடாமல் யோசித்தார். "கையுறை எத்தினை போட்டாலும் வேலையில்லை, தம்பி. முதுகும் நெஞ்சும் சூடா இருந்தால்தான் கைக்கு ரத்தம் ஓடும். கனடாவிலை மோட்டச்சைக்கிள்காரர் பற்றரியிலை சூடாகிற உடுப்புப் போடுறவங்கள். என்ரை தம்பி படம் அனுப்பினவன்."

"அது இங்க எங்கண்ணே கிடைக்கும்?"

"கேட்டால் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவாங்கள்."

அவர் பேசிக்கொண்டே இருந்தார். நான் அவர் தோளுக்கு மேலே, வெளியே நின்றிருந்த ஒரு பெரிய ஜீப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனடாவிலிருந்து கப்பலில் வந்த பழைய வண்டி. இந்த மாதிரி வண்டிகளில் சீட்டுக்குள் ஹீட்டர் இருக்கும். இங்கே அதைப் போல வேண்டாத சாமான் வேறு இல்லை. ஆகஸ்ட் மாதம் பிள்ளைகள் தெரியாமல் அந்த சுவிட்சைத் தட்டிவிட, ஏசி வேலை செய்யவில்லை என்று வண்டியை எங்களிடம் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அந்த ஹீட்டரின் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவது என் வேலைகளில் ஒன்று. வருடத்துக்கு முப்பது, நாற்பது சீட்டுகளை இப்படிக் குளிரவைத்திருக்கிறேன்.

சீட்டுக்கும் பன்னிரண்டு வோல்ட். என் பைக்குக்கும் பன்னிரண்டு வோல்ட்.

"அண்ணே" என்றேன். "சீட்டு என் மேல உக்காந்தா என்ன?"

சிவநேசன் அண்ணன் திரும்பி ஜீப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டோரைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, "வாரும்" என்றார்.

4

உடைந்த வண்டிகளைப் பிரித்து விற்கும் கான் பாயின் யார்டு எங்கள் தெருவின் கடைசியில். மேலே எழுந்து நிற்கும் சீட்டுக் குவியலில் ஒரு கனடா சீட்டைக் கண்டுபிடித்து, உறையைக் கிழித்து, உள்ளே இருந்த ஹீட்டர் விரிப்பை உரித்து எடுத்தோம். மெல்லிய கம்பளித் துணிக்குள் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஓடும் கம்பி, நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு தெர்மோஸ்டாட். போதுமான சூடு வந்ததும் அந்தப் பொத்தான் கரண்டை நிறுத்தும், ஆறியதும் திரும்ப விடும். எவ்வளவு என்று கான் பாயிடம் கேட்டேன்.

"ஹீட்டர்? யஹாங்? இந்த ஊர்லயா? சும்மா எடுத்துக்கிட்டுப் போ பாய்" என்று உருதுவில் சொல்லிவிட்டு, எங்கள் இருவருக்கும் டீயும் வாங்கிக் கொடுத்தார். பைத்தியக்காரர்களிடம் அன்பாக நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தைத்தது பௌசியா. முதலில் ஏற இறங்கப் பார்த்தாள். டெஸ்டுக்காக என்றதும் ஒன்றும் பேசாமல் மிஷினை இழுத்துப் போட்டாள். கம்பி ஓடும் வழியெல்லாம் சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரு தையல்கூடக் கம்பியில் விழாமல், என் பழைய கையில்லா ஜாக்கெட்டுக்குள் விரிப்பை வைத்துத் தைத்தாள். உள்துணிக்கு ரிஸ்வானாவின் பழைய தலையணை உறை. மஞ்சள் பூக்களும் இரண்டு வாத்துகளும்.

பைக்கில் ஹேண்டிலுக்குக் கீழே, கார்களில் சிகரெட் பற்றவைக்க இருக்குமே, அந்த லைட்டர் ஓட்டை ஒன்றைப் பொருத்தினேன். அதுவும் கான் பாயின் குவியலில் எடுத்ததுதான். சட்டையின் ஒயர் முனையில் அதற்கான ப்ளக். உட்கார வேண்டும், ப்ளக்கைச் சொருக வேண்டும், வண்டியைக் கிளப்ப வேண்டும். மூன்றே வேலை.

முதல் நாள் விடியலில் கிளம்பினேன். வீட்டுத் தெரு முடியும் முன்பே முதுகில் இதமாக ஏறியது. சுபஹானல்லாஹ் என்று சத்தமாகவே சொன்னேன். பத்து கிலோமீட்டரில் நான் அரசன். பதினைந்தாவது கிலோமீட்டரில் சூடு கொஞ்சம் அதிகம் என்று பட்டது. இருபதாவதில் நான் தோசைக்கல்லில் இருந்தேன். ப்ளக்கைப் பிடுங்கலாம் என்றால் இரண்டு கையுறைக்குள் இருக்கும் விரலுக்கு அது அகப்படவில்லை. சாலையோரம் நிறுத்தி, பத்து டிகிரிக் குளிரில் ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்து, உள்ளே இருந்த சட்டையையும் கழற்றி, வெறும் முதுகைக் காற்றுக்குக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஒரு தண்ணீர் லாரி நின்றது. ஓட்டுநர் இறங்கி ஓடிவந்தார்.

"க்யா ஹுவா பாய்? பிச்சூ?"

தேள் கொட்டியதா என்று கேட்கிறார். ஆமாம் என்று தலையாட்டினேன். சீட் ஹீட்டர் கொட்டியது என்று சொல்லும் அளவுக்கு என்னிடம் உருது இல்லை.

காராஜில் ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் விளங்கியது. பதினாறு வருட எலக்ட்ரீஷியன், தெர்மோஸ்டாட் பொத்தானை வெளிப்பக்கமாக வைத்திருக்கிறேன். அது குளிர்காற்றில் நடுங்கிக்கொண்டு, இன்னும் சூடு வரவில்லை, இன்னும் வரவில்லை என்று கரண்டை விட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. சிவநேசன் அண்ணன் சிரித்து முடிக்கக் காத்திருந்துவிட்டு, அதை உள்பக்கம் திருப்பினேன்.

5

அதற்குப் பிறகு வந்த நாட்களைப் போல இந்த நாட்டில் நான் சந்தோஷமாக வேலைக்குப் போனதில்லை. நெடுஞ்சாலையில் மற்ற பைக்காரர்கள், பெரும்பாலும் உணவு டெலிவரி செய்பவர்கள், கூனிக் குறுகிப் போவார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து பழைய பாட்டுகளை உரக்கப் பாடிக்கொண்டு போவேன். ஒரே ஒரு குறை. பைக்கின் கரண்டு மூவருக்குப் போதாது. சிக்னலில் நின்றால் ஹெட்லைட்டும் சட்டையும் சேர்ந்து குடித்துவிட, இண்டிகேட்டர் கண் சிமிட்டாமல் மங்கிப் போய்விடும். எனவே சிக்னலில் மட்டும் ப்ளக்கைப் பிடுங்கி, பச்சை விழுந்ததும் சொருகுவேன். ஒயரில் ஒரு கயிற்று வளையம் கட்டிய பிறகு கையுறையோடும் அது சுலபமாகிவிட்டது. ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொருகியிருப்பேன்.

காராஜ் வாசலில் ப்ளக்கை மறந்து இறங்கி, என் பைக் என்னை ஆட்டுக்குட்டியைப் போலப் பின்னால் இழுத்த கதையும் உண்டு. அது தினமும் நடந்ததால் தனியாக எழுதவில்லை.

ரிஸ்வானாவுக்கு மூன்றாம் வகுப்பு. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்பதற்கு அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். வாப்பாவாக இருந்த நான் இங்கே வந்து பள்ளியில் சேர்ந்த வருடமே டாடி ஆகிவிட்டேன். நான் வருத்தப்பட்டால், "டாடி, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்பாள். அந்த மாதம் வகுப்பில் ஆளுக்கு ஒரு விஷயம் எழுந்து பேச வேண்டுமாம். இவள் எழுந்து, என் அப்பா மின்சார உடை அணிந்து வேலைக்குப் போகிறார், அதில் இரண்டு வாத்துகள் இருக்கின்றன என்று ஆங்கிலத்தில் பேசியிருக்கிறாள். மறுநாள் டைரியில் டீச்சர் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். வீட்டில் யாருக்காவது மருத்துவச் சிகிச்சை நடக்கிறதா, பிள்ளைக்கு ஏதாவது உதவி தேவையா என்று. பௌசியா எங்களிடம் இருந்த ஆங்கிலத்தை எல்லாம் திரட்டிப் பதில் எழுதினாள். "நோ மேடம். ஒன்லி குளிர்."

6

ஒன்பதாவது டெஸ்ட். மூடுபனியில் போய்ச் சேர்ந்தேன். பைக்கை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றி, இரண்டு கைகளையும் முகத்துக்கு முன்னால் நீட்டிப் பார்த்தேன். ஆடவில்லை. பிரட் மாதிரி மெத்தென்று, இளஞ்சூடாக இருந்தன. பக்கத்தில் நின்றிருந்த மலையாளி கைகளை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

இங்கே டெஸ்டுக்கு நாலு பேரை ஒரே காரில் ஏற்றுவார்கள். ஒருவர் ஓட்ட, பக்கத்தில் போலீஸ் அதிகாரி, பின்சீட்டில் மற்ற மூன்று பேர் தங்கள் முறைக்குக் காத்திருந்து துஆ ஓதிக்கொண்டு வருவார்கள். எங்கள் அதிகாரி இளவயதுக்காரர், மூக்கு சிவந்திருந்தது. முதலில் ஒரு வங்காளி ஓட்டினார், பெயில். அடுத்து ஒரு பட்டாணியர், பாஸ். மீதி நானும் அந்த மலையாளியும். வண்டி ஓரமாக நின்றது. அதிகாரி என்னைப் பார்த்து விரலை ஆட்டினார்.

இறங்கிப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன். மனம் அவ்வளவு தெளிவாக இருந்தது. உட்கார்ந்தாயிற்று. அடுத்த வேலை என்ன? கை தானாக இடுப்போரத்துக்குப் போனது. ஒயரை எடுத்தேன். காரின் லைட்டரைப் பிடுங்கி அதிகாரியின் மடியில் வைத்தேன். ப்ளக்கைச் சொருகினேன். சாவியைத் திருப்பினேன்.

பின்சீட்டில் இருந்த மூவரும் முன்னால் எட்டிப் பார்த்தார்கள்.

"யே க்யா ஹை?" என்றார் அதிகாரி, மடியில் இருந்த லைட்டரைப் பார்த்தபடி.

"ஜாக்கெட் சார். கரம் ஜாக்கெட். தண்டா நை." சூடான ஜாக்கெட், குளிராது என்று சொன்னதாக நினைப்பு.

அவர் என் ஜாக்கெட் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்த்தார். வாத்துகள் அவரைப் பார்த்தன. உள்ளங்கையை என் முதுகில் வைத்தார். எடுக்கவில்லை. மற்றக் கையையும் வைத்தார். "வல்லாஹ்" என்றார் மெல்ல. கொஞ்ச நேரம் என் முதுகில் கை காய்ந்துகொண்டிருந்துவிட்டு, நினைவு வந்தவராக நிமிர்ந்து, "யல்லா, சலோ" என்றார்.

ஓட்டினேன். என் வாழ்க்கையில் நான் அப்படி ஓட்டியதில்லை. ரவுண்டானாவில் நின்று, பார்த்து, நுழைந்தேன். கண்ணாடி பார்த்தேன், தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தேன், தடம் மாறினேன். பின்சீட்டு மலையாளி மட்டும் வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார். பாவம், குளிர் நெஞ்சில் இறங்கிவிட்டது என்று நினைத்தேன். இரண்டு கற்களுக்கு நடுவே ஒரே தடவையில் பார்க் செய்து, வண்டியை அணைத்து, அதிகாரியைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவரும் புன்னகைத்தார்.

"ஹாத் தமாம். மிரர் தமாம். பார்க்கிங் தமாம்" என்று, எல்லாம் சரி என்பதாக ஒவ்வொரு விரலாக மடக்கினார். பிறகு என் இடது தோளுக்குப் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். "பெல்ட் மாஃபி."

சீட் பெல்ட் போடாமலே ஊரைச் சுற்றி வந்திருக்கிறேன். உட்கார், சொருகு, கிளப்பு. பைக்கில் பெல்ட் ஏது?

அதிகாரி காகிதத்தில் எழுதும்போது அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது. இறங்கும்போது கூப்பிட்டு, இந்தச் சட்டை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். அவரும் நண்பர்களும் வெள்ளிக்கிழமைகளில் பாலைவனத்தில் கூடாரம் போடுவார்களாம், அங்கே ராத்திரி எலும்பு உறையுமாம். கடை இல்லை, என் மனைவி தைத்தது என்றேன். மலையாளி அதன் பிறகு ஒரு தடவைகூட இருமவில்லை.

7

வீட்டுக்குத் திரும்பும்போது ப்ளக்கைச் சொருகவில்லை. எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை. அடுத்த டெஸ்ட் தேதி ஏப்ரலுக்குப் பிறகுதான் என்று சொல்லிவிட்டார்கள். பௌசியா சொன்ன கெடு மார்ச்சோடு முடிகிறது. அவளிடம் எதைச் சொல்லி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து அவளே வந்தாள்.

"கை நடுங்குச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

சொன்னேன். ஒளிக்காமல் சொன்னேன். லைட்டரை அதிகாரியின் மடியில் வைத்ததைச் சொன்னபோது அவள் உதடு துடித்தது. வாத்து வந்தபோது வாயைப் பொத்தினாள். மலையாளி இருமிய இடத்தில் தாங்க முடியாமல் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். ரிஸ்வானா ஓடிவந்து, என்னவென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தாள். அவர்கள் சிரிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இந்தச் சிரிப்பை இனி போனில்தான் கேட்கப்போகிறேன் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மச்சான், ஒரு வண்டிக்கு ஒரு லைசென்ஸ் போதும்தானே?"

"போதும். அதுதான் கிடைக்கலையே."

"உங்களுக்குத்தானே கிடைக்கல. நான் இன்னும் கேட்டே பாக்கலயே."

நான் பைக்கிலிருந்து இறங்கினேன்.

மனைவி கார் ஓட்டப் படிக்க வேண்டுமானால், அவளுக்கு விசா எடுத்த கணவன் எனக்கு ஆட்சேபணை இல்லை என்று கடிதம் கொடுக்க வேண்டும் என்றார்கள். டைப்பிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். கீழே கையெழுத்திடும் நான், இன்னாரின் ஸ்பான்சர், என் மனைவி வாகனம் ஓட்டுவதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. தட்டச்சு செய்தவர் கோப்பைப் புரட்டியபோது என் ஒன்பது பெயில் காகிதங்களும் வரிசையாக வந்தன. அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "உறுதியாத்தானே சொல்றீங்க?" என்று கேட்டார். அந்தக் கையெழுத்தை நடுங்காமல் போட்டேன்.

மார்ச் வந்தது, போனது. கெடுவைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை. அவளுக்கு வகுப்பு இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு ரவுண்டானா சுற்றினாள். முதல் டெஸ்டில் ரொம்ப மெதுவாக ஓட்டினாள் என்று பெயில் போட்டார்கள். இரண்டாவதில் பாஸ். நான் ஒன்பது, அவள் இரண்டு. இந்தக் கணக்கை வீட்டில் எந்தச் சண்டையிலும் அவள் இதுவரை எடுத்ததில்லை. எடுக்க மாட்டாள் என்பதற்கு உத்தரவாதமும் இல்லை.

சிவநேசன் அண்ணன்தான் ஒரு பழைய காரைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். கனடாவிலிருந்து வந்தது. "சீட் ஹீட்டரைப் பிடுங்காதையும். ஞாபகமா இருக்கட்டும்" என்றார். பௌசியா முதல் வாரமே சிட்டியில் நாலு வீடு போய் வந்தாள். இப்போது எங்கள் தெருப் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் அவளைத்தான் கேட்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைகளில் நான் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில். ஏறி உட்கார்ந்ததும் என் கை இன்னும் லைட்டரைத் தேடிப் போகிறது. பின்சீட்டிலிருந்து ரிஸ்வானாவின் குரல் வரும்.

"வாப்பா, ஃபர்ஸ்ட் பெல்ட்."

அவள் என்னை வாப்பா என்று கூப்பிடுவது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான். டாடி என்றால் நான் திரும்புவதில்லை என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். அதற்காகவே சில சமயம் நான் பெல்ட்டை மறப்பதுண்டு.

இதெல்லாம் ஊர் விருந்தில் சொன்னேன். பௌசியா கார் ஓட்டுவதை எல்லாரும் உடனே நம்பினார்கள். சட்டையைத்தான் நம்பவில்லை.

8

மறுபடியும் இன்று காலை. மூடுபனி என்றால் இருபது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பனியில் பைக்காரனுக்குப் பயம் முன்னால் போகிற வண்டி அல்ல. பின்னால் வருகிறவனுக்கு என் சின்ன சிவப்பு விளக்கு தெரியாது. போன வருடங்களில் இப்படிப்பட்ட காலைகளில் சாகும்போது சொல்லும் கலிமாவைச் சொல்லிக்கொண்டேதான் போயிருக்கிறேன்.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பௌசியா ரிஸ்வானாவை ஏற்றிக்கொண்டு காரைக் கிளப்பியிருந்தாள். பள்ளிக்கூடமும் அதே சாலையில், காராஜுக்குக் கொஞ்சம் முன்னால்.

"நீங்க முன்னால போங்க. நான் பின்னாலேயே வாரேன்" என்றாள் கண்ணாடியை இறக்கி.

"உனக்கு லேட்டாயிடும். நான் அறுபதுலதான் போவேன்."

"நாற்பதுல போங்க. நான் மெதுவா ஓட்டுறவளுன்னு போலீஸே எழுதிக் கொடுத்திருக்கு."

கிளம்பினேன். என் பக்கக் கண்ணாடியில் அவள் வண்டியின் எச்சரிக்கை விளக்குகள் இரண்டும் மஞ்சளாக மினுங்கி மினுங்கி வந்தன. பெரிய லாரிகள் அவளைப் பார்த்து ஒதுங்கி, எங்கள் இருவரையும் சேர்த்தே சுற்றிக்கொண்டு போயின. நான் முன்னால் பார்த்ததைவிடக் கண்ணாடியில் பார்த்ததே அதிகம். பள்ளிக்கூடத் திருப்பத்தில் அவள் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் பிரிந்தாள். ஹாரன் அடிக்கக் கூடாது என்று அவளுக்கு நான்தான் சொல்லியிருந்தேன்.

காராஜ் வாசலில் இறங்கி நடந்தேன். பைக் என்னைப் பின்னால் இழுக்கவில்லை. அது வினோதமாக இருந்தது, ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை. சிவநேசன் அண்ணன் ஸ்டோரைத் திறந்துகொண்டிருந்தவர், என் இடுப்பைப் பார்த்தார்.

"என்ன தம்பி, ஒயர் கயிற்றோடை சுருட்டினபடி பொக்கற்றுக்குள்ளை கிடக்குது. நீர் இண்டைக்குச் சொருகவேயில்லையோ?"

குனிந்து பார்த்தேன். சொருகவே இல்லை.

"குளிரேல்லையோ?"

குளிர்ந்திருக்க வேண்டும். பத்து டிகிரி, முப்பத்தைந்து கிலோமீட்டர், நாற்பதில் ஒரு மணி நேரம். கைகளை நீட்டிப் பார்த்தேன், போன வருடத்தைப் போலவே விறைத்து, ஹேண்டில் வடிவத்தில் மடங்கித்தான் இருந்தன.

"குளிருச்சுண்ணே" என்றேன். "இப்பதான் தெரியுது."